பேரோல் அசிஸ்டென்ட் வேலையில் சேர்ந்து மேலே வருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

7-ஆம் தேதி மாலை ஷிப்ட் முடிந்து போகிற ஒரு அக்கா, ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்பார்: "தம்பி, போன மாசம் 12,651 ஏறுச்சு. இந்த மாசம் 11,808 தான் ஏறியிருக்கு. ரெண்டு நாள்தானே லீவு போட்டேன், ஏன் இவ்வளவு குறையுது?"

இதற்கு ஒரு ரூபாய் பிசகாமல் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் பேரோல் ஆள், அதாவது சம்பளக் கணக்கு போடுபவர். சாஃப்ட்வேரில் பட்டனை அழுத்தினால் சம்பளம் தானாக வந்துவிடும், அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன மாறியது, ஏன் மாறியது என்று சொல்வதுதான் வேலை. பல்லடம் பக்கம் ஒரு மில்லில் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, பிறகு ஒரகடத்தில், இப்போது சென்னையில் என்று பதினேழு வருடமாக இதே துறையில் இருக்கிறேன். இதில் மேலே வந்தவர்கள் எல்லோருமே இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள்தான்.

சேர்வதற்கு முன்

பி.காம், பி.பி.ஏ படித்தவர்களை எளிதில் எடுப்பார்கள். வேறு டிகிரி என்றாலும் தடையில்லை. எக்செல் கைவந்திருக்க வேண்டும். அதிலும் எல்லாம் வேண்டாம்: விலூக்அப் அல்லது எக்ஸ்லூக்அப், சம்இஃப்ஸ், பிவட் டேபிள், ரவுண்ட், ரவுண்ட்அப், இவ்வளவு போதும். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எதற்கு என்று கொஞ்ச நேரத்தில் புரியும்.

முதல் வேலையை எங்கே தேடுவது? என் ஆலோசனை, பெரிய கம்பெனிக்குக் காத்திருக்காமல் உங்கள் ஊரில் உள்ள பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கன்சல்டன்ட் ஆபீஸில் ஒரு வருடம் இருங்கள். சம்பளம் குறைவாகத்தான் கொடுப்பார்கள். ஆனால் ஒரே மேஜையில் பனியன் கம்பெனி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, செக்யூரிட்டி ஏஜென்சி என்று எல்லா வகைச் சம்பளப் பட்டியலும் வரும். திருப்பூரில் ஷிப்ட் கணக்கில் வாரக் கூலி, பீஸ் ரேட், ஒன்றரை ஷிப்ட் எல்லாம் உண்டு. அதைப் பார்த்தவருக்கு மாதச் சம்பளம் சாதாரணமாகிவிடும். பெரிய நிறுவனத்தில் ஐந்து வருடம் அட்டெண்டன்ஸ் மட்டுமே பார்த்து அங்கேயே தேங்கிப்போனவர்கள் உண்டு.

ஒரு பே சிலிப்பைக் கையால் போட்டுப் பாருங்கள்

இன்டர்வியூவுக்குப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அந்த அக்காவின் சம்பளத்தையே எடுப்போம். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 8,000, டிஏ (அகவிலைப்படி) 6,500, ஆக 14,500. வேறு அலவன்ஸ் இல்லை.

முழு மாதம் வந்தால்: பிஎஃப் 12 சதவீதம், 1,740. இஎஸ்ஐ 0.75 சதவீதம், 108.75 வரும். இஎஸ்ஐயில் பைசா வந்தாலே அடுத்த ரூபாய்க்கு ஏற்ற வேண்டும், அதனால் 109. கையில் 12,651.

இரண்டு நாள் எல்ஓபி (சம்பளம் இல்லாத லீவு), 30 நாள் கணக்கு என்றால்: பேசிக் 7,466.67, டிஏ 6,066.67. தனித்தனியாக முழு ரூபாயாக்கினால் 7,467, 6,067, கூட்டினால் 13,534. ஆனால் 14,500-ஐ மொத்தமாக 28/30 செய்தால் 13,533 தான் வரும். இந்த ஒரு ரூபாய்க்காக ஆடிட்டரோடு அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். எதை முதலில் ரவுண்ட் செய்வது என்று கம்பெனி ஒரு முறையை வைத்திருக்கும். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

13,534-க்கு பிஎஃப் 1,624, இஎஸ்ஐ 101.50 சொச்சம், அதை 102 ஆக்க வேண்டும். கையில் 11,808. சம்பளத்தில் குறைந்தது 966, பிடித்தத்தில் குறைந்தது 123, ஆக அக்காவுக்குக் குறைந்தது 843. "ரெண்டு நாளுக்கு 966 போச்சுக்கா, ஆனா பிஎஃப்பும் இஎஸ்ஐயும் 123 கம்மியா பிடிச்சிருக்கு" என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்றால் சண்டைதான் வரும், அது நியாயமான சண்டையும்கூட.

அதே 13,534-க்கு கம்பெனி பங்கையும் போட்டுப் பழகுங்கள். பிஎஃப்பில் கம்பெனியின் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்கு, அதாவது 1,127. மீதி 497 பிஎஃப் கணக்குக்கு. இஎஸ்ஐ 3.25 சதவீதம், 440. பிஎஃப்புக்குக் கட்டாய உச்சவரம்பு மாதச் சம்பளம் 15,000. இஎஸ்ஐ வரம்பு 21,000.

எல்ஓபிக்கு 30-ஆல் வகுப்பதா, 26-ஆலா, அந்த மாத நாட்களாலா? கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதே 14,500-க்கு இரண்டு நாள் எல்ஓபி, 30 என்றால் 967, 26 என்றால் 1,115. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலோ ஸ்டாண்டிங் ஆர்டரிலோ (கம்பெனியின் வேலை விதிகள்) என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படித்துவிட்டுத்தான் சூத்திரம் போட வேண்டும்.

மாதம் எப்படி ஓடும்

பெரும்பாலான இடங்களில் 20 அல்லது 25-ஆம் தேதி அட்டெண்டன்ஸ் கட்-ஆஃப். அதற்குள் பயோமெட்ரிக் பஞ்ச் விட்டுப்போனவர்களின் கரெக்‌ஷன், லீவு லெட்டர், ஓடி (ஓவர்டைம்) அப்ரூவல், அட்வான்ஸ், கேன்டீன் பிடித்தம், புதிதாகச் சேர்ந்தவர், நின்றுபோனவர் எல்லாம் கைக்கு வந்தாக வேண்டும். வராது. சூப்பர்வைசர் பின்னாலேயே அலைய வேண்டியிருக்கும். வாயால் சொல்வதை வாங்காதீர்கள். ஒரு வரி மெயிலோ, கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டோ இல்லாமல் ஓடி ஏற்றக் கூடாது.

பிறகு கணக்கு ஓட்டுவது, சரிபார்ப்பது, மேலாளர் ஒப்புதல், பேங்க் ஃபைல், பே சிலிப். 7-ஆம் தேதிக்குள் சம்பளம் ஏற வேண்டும், அதே 7-க்குள் டிடிஎஸ் (சம்பளத்தில் பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும். மார்ச் மாத டிடிஎஸ்ஸுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். 15-ஆம் தேதிக்குள் பிஎஃப் இசிஆர் (யாருக்கு எவ்வளவு பிஎஃப் என்ற பட்டியல்) ஏற்றி சலான் கட்ட வேண்டும், இஎஸ்ஐயும் அன்றே கடைசி. இந்த 15-ஐ விளையாட்டாக எடுக்காதீர்கள். தொழிலாளியிடம் பிடித்த பங்கை ஒரு நாள் தாமதமாகக் கட்டினாலும் கம்பெனி அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று, பழைய வருமான வரிச் சட்டத்தின் கீழ் 2022-இல் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசி நாளில் போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். 12-ஆம் தேதியே முடித்துவிடுங்கள்.

தொழில் வரி தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒரு முறை, உள்ளாட்சிக்குக் கட்டுவது. ஆண்டுக்கு 2,500-க்கு மேல் போகாது. ஓசூரில் இப்படி, எல்லை தாண்டி பெங்களூரு போனால் மாதாமாதம். இரண்டு பக்கமும் ஆள் வைத்திருக்கும் கம்பெனியில் இது குழப்பும்.

சரிபார்ப்பு: இங்கேதான் நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்

நானூறு பேர் பே சிலிப்பை ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. பார்க்கவும் வேண்டாம். மாறியதை மட்டும் பாருங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில், சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன்பே, இந்த மாத மொத்தச் சம்பளம் எவ்வளவு வர வேண்டும் என்று எழுதுங்கள். போன மாத கிராஸ் (பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம்) 42,80,000 என்று வைப்போம். புதிதாகச் சேர்ந்த ஐந்து பேருக்கு 71,000 கூட்டு. நின்றுபோன மூன்று பேருக்கு 43,500 கழி. ஓடி போன மாதத்தைவிட 18,200 கூட. எல்ஓபி 12,700 கூடியிருக்கிறது, கழி. இன்கிரிமென்ட் 9,000. வர வேண்டியது 43,22,000.

இப்போது கணக்கை ஓட்டுகிறீர்கள். 43,36,500 என்று காட்டுகிறது. 14,500 கூடுதல். அந்த எண்ணே பேசும்: நின்றுபோன மூவரில் ஒருவரின் முழுச் சம்பளம். அவர் பெயரை யாரோ எடுக்கவில்லை, அட்டெண்டன்ஸும் ஆட்டோவில் ஏறியிருக்கிறது. பேங்க் ஃபைல் போவதற்கு முன் பிடித்துவிட்டீர்கள். போன பிறகு என்றால் ஊருக்குப் போய்விட்டவரிடமிருந்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது.

வித்தியாசம் பூஜ்யம் ஆகும்வரை அப்ரூவலுக்கு அனுப்பாதீர்கள். 300 ரூபாய்தானே என்று விட்டால், அது 8,300 கூடுதலும் 8,000 குறைவும் சேர்ந்து வந்த 300 ஆக இருக்கலாம். இந்தத் தாளை ஒவ்வொரு மாதமும் ஃபைல் செய்யுங்கள். எனக்கு முதல் புரொமோஷன் வாங்கிக்கொடுத்தது பன்னிரண்டு மாதத்துத் தாள்கள் இருந்த ஒரு சிவப்பு ஃபைல்தான்.

இதைக் கற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் வருடம், அந்த மில்லில் இரண்டு செல்விகள் இருந்தார்கள். பேங்க் ஃபைலில் எம்ப்ளாயி எண்ணுக்குப் பதிலாகப் பெயரை வைத்து விலூக்அப் போட்டிருந்தேன். பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் அது முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். ஒரு செல்வியின் சம்பளமும் இன்னொரு செல்வியின் கணக்குக்கே போய்விட்டது. வங்கி கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் பணம் போடும், அது யாருடைய சம்பளம் என்று கேட்காது. பணம் வராத செல்வி அன்று சீட்டு கட்ட வேண்டியவர். எதுவும் திட்டவில்லை. "இன்னைக்கு ஏதாச்சும் பண்ண முடியுமா தம்பி" என்று மட்டும் கேட்டார். கேஷியரிடம் கைமாற்றாக வாங்கிக் கொடுத்தோம். அன்றிலிருந்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பெயரை வைத்து எதையும் தேடுவதில்லை. ஒரே கணக்கு எண் இரண்டு முறை வருகிறதா என்று பார்க்காமல் பேங்க் ஃபைலை அனுப்புவதுமில்லை.

இனிஷியல், பிறந்த தேதி, நாமினி

புதிதாகச் சேர்பவருக்கு பிஎஃப் கணக்கு திறக்கும்போது தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு தலைவலி இருக்கிறது. ஆதாரில் "முருகன் எஸ்", பான் கார்டில் "சுப்பையா முருகன்", பேங்க் பாஸ்புக்கில் "எஸ். முருகன்". மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் போர்ட்டலுக்கு மூன்று பேர். சேரும் நாளன்றே ஆதாரில் உள்ளபடி எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் சேர்ந்த வாரத்திலேயே திருத்தச் சொல்லுங்கள். பத்து வருடம் கழித்து பணம் எடுக்க வரும்போது திருத்துவதென்றால் அவர் நாலு முறை லீவு போட வேண்டியிருக்கும்.

அவரிடம் பழைய யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். "இல்ல சார்" என்பார்கள். முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள், பிஎஃப் பிடித்தார்களா என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டு யுஏஎன் ஆகிவிட்டால் பென்ஷனுக்கான சேவைக்காலம் துண்டாகிக் கிடக்கும். அதேபோல ஒருவர் வேலையை விட்டதும் வெளியேறிய தேதியை ஏற்றுங்கள். அது இல்லாமல் பணத்தை மாற்றுவதும் முழுதாக எடுப்பதும் அவருக்குச் சிக்கலாகிவிடும்.

நாமினேஷனை யாரும் அவசர வேலையாக நினைப்பதில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் முப்பத்திநான்கு வயதில் ஒருவர் விபத்தில் இறந்துபோனார். நாமினியாக அப்பா பெயர். சேரும்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. திருமணத்துக்கு முன் போட்ட பிஎஃப் நாமினேஷன் திருமணத்தோடு செல்லாமல் போகும் என்று அவருக்கும் தெரியாது, அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய நாங்களும் சொல்லவில்லை. பிஎஃப்போடு சேர்ந்து வரும் இடிஎல்ஐ ஆயுள் காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். அதற்காக அவர் மனைவி கைக்குழந்தையோடு எத்தனை முறை வந்தார் என்று எண்ணிச் சொல்ல எனக்கு மனமில்லை. இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை வைக்க யாராவது ஆபீஸுக்கு வந்தால், வாழ்த்திவிட்டு அடுத்த வார்த்தை, "முடிஞ்சதும் வந்து இ-நாமினேஷன மாத்திடுங்க."

இஎஸ்ஐயில் இன்னொரு சின்னக் கட்டம் இருக்கிறது: வேலை செய்த நாட்கள். பணம் சரியாகக் கட்டினால் போதும் என்று நாளை ஏனோதானோ என்று போடுவார்கள். ஆறு மாத கான்ட்ரிபியூஷன் காலத்தில் 78 நாள் இருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை. நீங்கள் 78-க்கு 77 போட்டால் அவர் டைபாய்டில் படுத்திருக்கும்போது பணம் வராது. அதேபோல 20,500 வாங்கியவருக்கு ஜூலையில் 22,000 ஆகி வரம்பைத் தாண்டினாலும், அந்த ஆறு மாதக் காலம் முடியும் செப்டம்பர் வரை இஎஸ்ஐ பிடிக்க வேண்டும். 165 ரூபாய் பிடிப்பதற்கு அவர் கோபப்படுவார், ஆனால் அந்தக் காலத்துக்கான மருத்துவ உரிமையும் அவருக்கு உண்டு. அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வருமான வரி

தொழிற்சாலையில் இது சின்ன வேலை, ஐடி கம்பெனியில் இதுதான் பெரிய வேலை. 2023-24 முதல் புதிய வரி முறைதான் இயல்பு. பழையது வேண்டும் என்பவர் சொல்ல வேண்டும். ஏப்ரலில் எழுதி வாங்குங்கள். 2025-26-இல் புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளக்காரருக்கு வரி வராது. இதைக் கேட்டே பாதிப் பேர் வருவார்கள். பழைய முறையில் இருப்பவர்களிடம் வாடகை ரசீது, எல்ஐசி ரசீதுகளை ஜனவரியிலேயே வாங்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பிப்ரவரி, மார்ச் சம்பளம் பாதியாக நிற்கும்.

சட்டம் மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில் வருகிறீர்கள்

இது நல்ல நேரம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. "ஊதியம்" என்பதற்கே விளக்கம் மாறிவிட்டது: விலக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது ஊதியத்தோடு சேரும். பேசிக்கைக் குறைத்து அலவன்ஸை ஏற்றிவைத்த கம்பெனிகள் எல்லாம் சம்பள அமைப்பையே திருத்துகின்றன. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களில் ஊதியக் கணக்கை முடிக்க வேண்டும். முன்பு அடுத்த மாதச் சம்பளத்தோடு பார்க்கலாம் என்று தள்ளிய ஃபுல் அண்ட் ஃபைனலை இனி அப்படிச் செய்ய முடியாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. வருமான வரிச் சட்டம் 2025-ம் 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்கமாக வைத்து வந்திருப்பதால், பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்த சீனியர்களும் உங்களோடு சேர்ந்து முதலிலிருந்து படிக்கிறார்கள்.

அதனால் சுற்றறிக்கையை வாட்ஸ்அப் ஃபார்வர்டில் படிக்காதீர்கள். இபிஎஃப்ஓ, இஎஸ்ஐசி தளங்களில் மூலத்தையே படியுங்கள். ஆங்கிலம் கரடுமுரடாக இருக்கும், பத்து சுற்றறிக்கையில் பழகிவிடும்.

வாய்க்குப் பூட்டு

எம்டி முதல் கார்டனர் வரை எல்லோர் சம்பளமும் உங்களுக்குத் தெரியும். டீக்கடையில் நண்பர் சாதாரணமாகக் கேட்பார், "மேனேஜருக்கு எவ்ளோப்பா?" ஒரு முறை சொன்னால் போதும், இந்தத் துறையில் உங்கள் பெயர் முடிந்தது. ஒருவருடைய பேங்க் கணக்கை மாற்றச் சொல்லி மெயில் வந்தால் அவருக்கு போன் செய்து கேட்காமல் மாற்றாதீர்கள். அதிகாரி பெயரில் வரும் போலி மெயில்கள் நிறைய.

மேலே போகும் வழிகள்

இரண்டு, மூன்று வருடத்தில் எக்ஸிக்யூட்டிவ் ஆகலாம். அதற்குப் பிறகு சாலை பிரியும். சட்டத்தில் ஆர்வம் இருந்தால் கம்ப்ளையன்ஸ் பக்கம்: இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பதில் சொல்வது, நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது, ஒரு நாள் சொந்தமாகக் கன்சல்டன்ட் ஆபீஸ் போடுவது. சென்னை அம்பத்தூரில் உள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தின் தொழிலாளர் சட்டப் பட்டயப் படிப்பு இதற்கு உதவும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

கம்ப்யூட்டரில் கை ஓடினால் சாஃப்ட்வேர் பக்கம். ஸோஹோவும் ராம்கோவும் சென்னையிலிருந்தே பேரோல் மென்பொருள் செய்கின்றன. புதிய கம்பெனிக்கு சிஸ்டத்தை அமைத்துக்கொடுக்க, இஎஸ்ஐயை ஏன் மேல்நோக்கி ரவுண்ட் செய்ய வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் வேண்டும். கோடு எழுதத் தெரிந்தவர் நிறையக் கிடைப்பார், இது தெரிந்தவர் குறைவு. நல்ல சம்பளம் உள்ள பாதை இது என்பது என் கணிப்பு.

மூன்றாவது, வெளிநாட்டு பேரோல். இங்கிலாந்து, அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களைச் சென்னையில் உட்கார்ந்து போடும் நிறுவனங்கள் உண்டு. நேரம் மாறி வேலை பார்க்க வேண்டியிருக்கும், ஆங்கிலத்தில் தெளிவாக மெயில் எழுத வேண்டும். வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்கள் ஐக்கிய அமீரகத்தின் டபிள்யூபிஎஸ் (அரசு கண்காணிப்பில் சம்பளம் போடும்) முறையைப் படித்துவைக்கலாம்.

எந்தப் பாதையானாலும் வேலை மாறும் நேரத்தைப் பார்த்து மாறுங்கள். ஏப்ரலில் வரி டிக்ளரேஷன், தீபாவளிக்கு முன் போனஸ், ஜனவரியில் ஆதாரம் சரிபார்ப்பு, மே 31-க்குள் நான்காம் காலாண்டு டிடிஎஸ் அறிக்கை, ஜூன் 15-க்குள் ஊழியருக்கு டிடிஎஸ் சான்றிதழ் (பழைய சட்டத்தில் படிவம் 16). இந்த ஒரு சுற்றை முழுதாக முடிக்காமல் ரெஸ்யூமில் ஒரு வருட அனுபவம் என்று போட்டால், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். நான் ஆள் எடுக்கும்போது முதலில் கேட்பது, "போன மாதம் உங்கள் கம்பெனியில் கிராஸ் கூடியதா குறைந்ததா, ஏன்?" என்றுதான்.